பிரிட்ஜைப் பூட்டியது யார்

ஜூலை 3, செவ்வாய்
கச்சான் காற்று. வாசலெல்லாம் மணல். பள்ளிக்கூடம் விட்டு வர, வீட்டு முன்னால் லொறி. பிரிட்ஜ் வந்துவிட்டது!

எனக்குச் சீனி வியாதி வந்து ஆறு வருடம். இன்சுலின் போத்தல் இதுவரை அடுத்த ஒழுங்கையில், எல்லாரும் மிஸிஸ் என்று கூப்பிடும் அம்மா வீட்டு பிரிட்ஜில். தினமும் விடிய அந்தக் கதவைத் தட்டவேண்டும். "டீச்சர், நாளைக்கு நாங்கள் கோயிலுக்குப் போறம், வெள்ளன வாங்கோ" என்பார் அவர். இனி அது இல்லை.

கடைக்காரர் சொன்னது: "கொம்பனி ஆள் வியாழக்கிழமை வந்து பொருத்திப் பூட்டுவார். அதுவரைக்கும் கை வையாதேங்கோ."

என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. இவருக்குத் துறைமுகத்தில் மின்வேலை, கப்பலுக்கு வயர் இழுக்கிறவர். "இந்தப் பெட்டிக்கு இன்னொருத்தன் வரவேணுமோ?" பிளக் எங்கள் சுவருக்குப் பொருந்தவில்லை. வெட்டிவிட்டு வேறு போட்டார். பின்பக்கம் அடியில் மூன்று நட்டு. ஒன்று கொஞ்சம் தளர்வு. அதையும் இறுக்கினார்.

உத்தரவாத அட்டை ஆங்கிலத்தில். வாசித்தேன். கொம்பனி ஆள் பூட்டி ஒப்பமிடாவிட்டால் செல்லாது. சொல்ல வாயெடுத்தேன். இவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அட்டையை அலுமாரிக்குள் வைத்தேன்.

ஜூலை 5, வியாழன்
கொம்பனி ஆள் வந்தாராம். பெயர் நசீர், ஊர் கிண்ணியா. "எல்லாம் முடிஞ்சுது" என்று இவர் வாசலிலேயே அனுப்பிவிட்டார். நான் பள்ளிக்கூடத்தில்.

ஜூலை 24, செவ்வாய்
பிரிட்ஜ் டகடகவென்று அதிர்கிறது. மேலே வைத்த கிளாஸ் நகர்ந்து விழுந்து தூள். இவர்: "புதுசெல்லோ, ஓட ஓட அடங்கும்."
வாங்க: வெங்காயம், சவுக்காரம், சிவப்பு மை.

ஜூலை 31, செவ்வாய்
காலையில் திறந்தால் உள்ளே வெக்கை. குசினி நிலமெல்லாம் தண்ணீர். போத்தலை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு திரும்பவும் மிஸிஸ் வீடு. "என்ன டீச்சர், புது பிரிட்ஜ் எண்டீங்கள்?" சிரித்து வைத்தேன். கடைக்குச் சொல்லியனுப்பினோம்.

ஓகஸ்ட் 3, வெள்ளி
நசீர் வந்தார். கிண்ணியாத் துறை கடக்கும் பாதைப்படகு பிந்தியதாம். பின்பக்கம் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"டீச்சர், இந்த நட்டு மூண்டும் லொறியில ஆடாம இருக்க இறுக்கினது. வீட்டில வைச்சதும் தளர்த்தவேணும். இறுக்கினபடி ஓடி, அதிர்ந்து, பைப் வெடிச்சிருக்கு. காஸ் எல்லாம் போயிட்டுது."

அட்டையில் ஒப்பமிடும் இடம் வெறுமை. பேனாவை எடுத்தார். இன்சுலின் விஷயம் அவருக்குக் கடையில் சொல்லியிருக்கிறார்கள். மெதுவாகச் சொன்னார்: "அண்டைக்கு நான் வந்தனான்தானே. நான் பூட்டினதா எழுதட்டோ? கொம்பனி திருத்தித் தரும்."

உண்மையைச் சொன்னால், நசீர் கேட்டதற்கு இவர் ஓம் என்று சொல்லமாட்டாரா என்றிருந்தது எனக்கு.

இவர் சொன்னார்: "அப்ப பிழை உங்கட தலையில விழும். உங்கட வேலை போகும். நான்தான் பூட்டினனான். அப்பிடியே எழுதுங்கோ."

நசீர் எழுதினார்.

நசீர் போனபின் இவரிடம் சொன்னேன். அட்டையை முதல் நாளே வாசித்ததை.
"தெரியும். நீர் அலுமாரிக்குள்ள வைக்கேக்கை கண்டனான்."
"ஏன் கேக்கேல்லை?"
"கேட்டா வாசிச்சுச் சொல்லியிருப்பீர்."


ஓகஸ்ட் 9, வியாழன்
கொம்பனிக் கடிதம். நான்கு வரி. உத்தரவாதம் செல்லாது.
இவர் கிண்ணியா போய் நசீரைக் கண்டு வந்தார். லீவு நாளில் வந்து செய்து தருவாராம்.

ஓகஸ்ட் 12, ஞாயிறு
காற்று குறைவு. நசீரும் இவரும் குசினி நிலத்தில் குப்புறப் படுத்தபடி. பைப்பை ஒட்டி, காஸ் ஏற்றி. இவர் லாம்பு பிடித்தார். இது என்ன, அது ஏன் என்று ஓயாத கேள்வி. வெட்டிய பிளக்குக்கு எர்த் வயரும் சரியாகப் போடவில்லையாம். அதையும் நசீரே காட்டிக்கொடுத்தார். இவர் வயர் வெட்டும் குறட்டை அவரிடம் நீட்டினார்.

மீன்குழம்பும் சோறும். நசீர் இரண்டாம் தரம் கேட்டு வாங்கினார்.

நான்கு மணிக்கு இவர் கூப்பிட்டார். "இஞ்ச வாரும். கையை உள்ளுக்கு வைச்சுப் பாரும்." குளிர். சத்தமும் இல்லை.

சேர்ட்டை மாட்டிக்கொண்டு, போத்தலை எடுத்துவர மிஸிஸ் வீட்டுக்கு இவரே போனார். ஆறு வருடத்தில் முதல் தடவை.