தூங்குகிற குழந்தை

பக்கத்து வீட்டிலிருந்து கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தார்கள். மை இன்னும் சரியாகக் காயவில்லை. அந்த வாசனையில், நீங்கள் அச்சாபீசிலிருந்து வந்து வாசலில் கால் கழுவுவது போலிருந்தது. கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன்.

யுத்தம் தொடங்கிய வருஷம் அது. திண்டிவனத்து அச்சாபீசில், கோயில்களுக்கான மாதா படங்களை மரக்கட்டையில் செதுக்கிக் கொடுத்துவந்தீர்கள். வளவனூரில் அம்மா வீட்டுக்கு நான் போயிருந்தபோது நம் பெண்ணுக்குக் காய்ச்சல் கண்டது. திண்டிவனம் ஆஸ்பத்திரியில் காட்டலாமென்று நீங்கள் வந்து அழைத்துப் போனீர்கள். விழுப்புரத்தில் ரயில் மாறினோம். மயிலம் வருவதற்குள் அவள் உடம்பு என் மடியில் சில்லிட்டுப் போயிற்று. தெரிந்தால் இறக்கிவிடுவார்கள் என்று முந்தானையால் மூடிக்கொண்டேன்.

"புள்ள தூங்குதா?" என்று பக்கத்திலிருந்த அம்மாள் கேட்டாள்.

"ஆமாங்க, இப்பத்தான் தூங்குது."

நீங்கள் எதிரே உட்கார்ந்து ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

அடக்கத்தின்போதும் நீங்கள் அழவில்லை. "கல்லு மனசுடி அவருக்கு" என்றாள் அம்மா. நானும் அப்படித்தான் நினைத்தேன். ஒரே வீட்டில் இருந்தும் உங்களோடு பேசாமலே நாட்கள் போயின.

கிறிஸ்துமஸுக்குக் கொஞ்சம் முன்பு உங்களுக்குச் சோறு எடுத்துக்கொண்டு அச்சாபீசுக்கு வந்தேன். பங்குச்சாமியார் உங்கள் புதுப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"கொழந்த தூங்குற மாதிரியே இல்லியேப்பா. மாதா முகமும் எதையோ மறைக்கிற மாதிரி இருக்குது. சனங்க இத வச்சிக்கினு எப்படி ஜெபம் பண்ணுவாங்க? மாத்திக் குடு."

"கை வரமாட்டேங்குதுங்க சாமி."

அவர் கோபப்படவில்லை. வேலையைப் புதுச்சேரிக்கு அனுப்பிக்கொள்வதாகச் சொல்லி, படத்தை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

எடுத்துப் பார்த்தேன். படத்தில் மாதா, பக்கத்திலிருந்த யாருக்கோ பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். உதடு மட்டும்தான் சிரித்தது. முந்தானைக்கு வெளியே குழந்தையின் கால் ஒன்று தொங்கியது. அவள் விரல்கள் அந்தக் காலில் அழுந்தப் பதிந்திருந்தன.

"ரயில்ல பாத்துக்கினுதான் இருந்தீங்களா?" என்று கேட்டேன்.

"அப்பவே தெரியும் எனக்கு. வாயத் தெறந்தா ஒங்கையிலேர்ந்து வாங்கிடுவாங்க. அதான் பேசாம வந்தேன்" என்றீர்கள். மை படிந்த கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அங்கேயே அழுதீர்கள். தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு நானும் உங்கள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

அந்தப் படம் கரையான் அரித்துப் போய்விட்டது. நீங்களும் போய்விட்டீர்கள். இப்போது எந்தக் கோயிலுக்குப் போனாலும் மாதாவின் முகத்தை நான் பார்ப்பதில்லை. விரல்களைத்தான் பார்க்கிறேன், குழந்தையை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறாள் என்று.