மூன்று கடிதங்களும் என் சிவப்புத் தரையும்

காக்கா,

நீங்கள் இறந்து நாற்பதாம் நாள் என்று நேற்று வீட்டில் கத்தம் ஓதினார்கள். வீடெல்லாம் சாம்பிராணியும் நெய்ச்சோறும் கலந்த வாசம். ஆண்கள் சஹன் தட்டுகளைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். உங்கள் பழைய கூட்டாளி ஒருவர் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "தங்கச்சிக்கு வீடு கட்டோணும் எண்டு டொக்டர் படிப்பையே உட்ட மனிசன். காக்கா எண்டா இப்படி இரிக்கோணும்." எல்லாரும் தலையை ஆட்டினார்கள். கையிலிருந்த கறிக் கோப்பையை நான் வைத்த வேகத்தில் பாதிக் கறி பாயில் சிந்தியது. மௌத்தானவர்களைக் குறை பேசக்கூடாது என்பார்கள். நான் பேசத்தான் போகிறேன்.

சூறாவளி நம் கூரையைக் கொண்டுபோனதற்கு அடுத்த வருஷம் அது. வாப்பா மௌத்தாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. ஒரே மாதத்துக்குள் உங்களுக்கு மூன்று கடிதங்கள் வந்தன. பேராதனையில் மருத்துவம் படிக்க இடம். பாகிஸ்தானில் படிக்கப் புலமைப்பரிசில். பிறகு ரஷ்யாவிலிருந்தும் ஒன்று. ஒரு இடம் கிடைத்தாலே ஊர் திருவிழாப் போடும். உங்களுக்கு மூன்று. உம்மா கடிதங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பக்கத்து வீடுகளுக்கெல்லாம் போய் வந்தா.

பள்ளிக்கூட அட்லஸை விரித்து வைத்து எத்தனை நாள் விவாதித்தோம்! பேராதனை என்றால் லீவுக்கு லீவு ஊருக்கு வரலாம் என்றீர்கள். ரஷ்யாவில் முதல் வருஷம் முழுக்க அவர்களுடைய பாஷையைத்தான் படிக்க வேண்டும் என்றீர்கள். "அங்க புள்ள என்னத்த ஹலாலாத் தின்னுவான்?" என்று உம்மா கேட்டா. நான் பாகிஸ்தான் கட்சி. "அங்க போனா எனக்கு நல்ல துணி கொண்டு வரலாம்" என்றேன். நீங்கள் என் தலையில் குட்டினீர்கள். நீங்கள் எங்கோ போகத்தான் போகிறீர்கள் என்று நான் முழுசாக நம்பினேன்.

ஆனால் வீடு பாதியில் நின்றது. நம் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். பெண்ணுக்கு வீடு இல்லையென்றால் மாப்பிள்ளையும் இல்லை. வாப்பா எனக்காகத் தொடங்கிய வீட்டுக்குக் கூரையும் இல்லை, தரையும் இல்லை. பாலமுனையில் பேசி வைத்த மாப்பிள்ளை வீட்டார், வீடு முடிந்ததும் நிக்காஹ் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். விடியக்காலையில் வரிப்பத்தான்சேனை வயலுக்குப் போவீர்கள். வந்த கையோடு மேசனுக்குச் சீமெந்து குழைத்துக் கொடுப்பீர்கள். தரைக்குச் சிவப்பா பச்சையா என்று மேசன் கேட்டான். சிவப்புத்தான் வேண்டும் என்று நான் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். உங்களுக்கு மூன்று நாடு, எனக்கு இரண்டு நிறம்.

பதில் போட வேண்டிய கடைசி நாட்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின. நீங்கள் ஒன்றுக்கும் பதில் போடவில்லை. பேராதனைக்குரிய நாளும் போன பிறகு, சாப்பிட்டுக் கை கழுவும்போது, "நான் போகல்ல உம்மா" என்றீர்கள். அவ்வளவுதான். உம்மா அழுதா. பிறகு சந்தோஷப்பட்டா. அதைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது.

அடுத்த வருஷம் சிவப்புத் தரையில் என் நிக்காஹ் நடந்தது. நீங்கள் பஸாரில் ஒரு மருந்துக் கடையில் வேலைக்குச் சேர்ந்தீர்கள். மற்றவர்கள் எழுதித் தந்த மருந்துத் துண்டுகளைப் பார்த்து மாத்திரை எடுத்துக் கொடுக்கும் வேலை. ஒரு நாள் நானும் அங்கே நின்றேன். நம் ஊர்ப் பையன் ஒருவன், புதிதாக டொக்டராகி வந்தவன், கத்திக்கொண்டு வந்தான். அவன் ஒரு பிள்ளைக்கு எழுதிய மருந்தின் அளவு கூடிப்போகும் என்று அதன் தாயிடம் நீங்கள் சொல்லியிருந்தீர்கள். "நீங்க டொக்டரா? எடுத்துக் குடுக்கிற வேலய மட்டும் பாருங்க" என்றான். கடை நிறைய ஆட்கள். நீங்கள் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நான் இன்றும் வெறுக்கிறேன். அவன் துண்டை வாங்கித் திரும்பப் பார்த்து, அளவைக் குறைத்து எழுதிவிட்டுப் போனான். மன்னிப்புக் கேட்கவில்லை.

இன்னொன்றும் கேளுங்கள். எண்பதுகளின் நடுவில், எனக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு, ஏதோ கதையில் என் மாப்பிள்ளை சொன்னார்: "ஒங்கட காக்கா படிக்கப் போயிருந்தா நான் ரெண்டு மூணு வருசம் காத்திருந்திருப்பன். டொக்டர்ர தங்கச்சிய ஆரு உடுவான்? என்னட்ட ஆரும் கேக்கல்லயே." நான் அன்று முழுக்க அடுப்பு மூட்டவில்லை. ஆமாம், ஒருவரும் கேட்கவில்லை. வீடில்லாப் பெண்ணுக்கு மாப்பிள்ளை நிற்க மாட்டான் என்று உம்மாவும் நீங்களும் ஊரும் முடிவு கட்டினீர்கள். மாப்பிள்ளை பத்து மைலுக்கு அங்கால்தான் இருந்தார்.

அன்றிலிருந்து யார் உங்களைப் புகழ்ந்தாலும் நான் ஒரே பதில்தான் சொன்னேன்: "எனக்காக எண்டு சொல்லாதீங்க. என்னட்ட ஒரு வார்த்த கேக்கல்ல." உம்மாவிடம் சொன்னேன், பிள்ளைகளிடம் சொன்னேன். நேற்றுக் கறியைச் சிந்திவிட்டும் அதையேதான் சொன்னேன்.

பொய், காக்கா.

பேராதனைக்குப் பதில் போட இரண்டு நாள் இருந்தது. அஸர் தொழுதுவிட்டு வந்தீர்கள். நான் கிணற்றடியில் உடுப்புக் கழுவிக்கொண்டிருந்தேன். "புள்ள, வீடு ரெண்டு மூணு வருசம் பிந்தினா ஒனக்குப் பரவாயில்லயா?" என்று கேட்டீர்கள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. "அவங்க வேற பொண்ணப் பாத்திருவாங்க காக்கா" என்றேன். "ஓம்" என்று ஒத்துக்கொண்டீர்கள். எனக்கு ஒரு வாளி தண்ணீர் இறைத்து வைத்துவிட்டுப் போனீர்கள்.

பதினெட்டு வயதுக்காரி சொன்னதை ஏன் கேட்டீர்கள்? அதட்டியிருக்கலாமே. "போடி" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியிருக்கலாமே. நான் ஒரு மாதம் அழுதிருப்பேன், பிறகு அடங்கியிருப்பேன். அந்த "ஓம்" மட்டும் என் காதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

என்னிடம் கேட்கவில்லை என்று உங்கள் முகத்துக்கு நேரேயே எத்தனை தரம் சொல்லியிருப்பேன். ஒரு தரம்கூட நீங்கள் என்னைத் திருத்தவில்லை.