தெரிந்தால் வலது கை

ஒத்தக்கடை
15.9.1979, சனி இரவு

அன்புள்ள சுந்தரம்மாள் அக்காவுக்குத் தங்கை தங்கப்பொண்ணு எழுதுவது. உனக்கு இருமல் விட்டுவிட்டது, அந்த ஊர்ச் சாப்பாடும் பழகிவிட்டது என்று உன் கடிதத்தில் பார்த்து நிம்மதியானோம். இங்கே அம்மாவும் அய்யாவும் சுகம். நானும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. சாயங்காலம் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதிய ஏரோகிராம் ஒன்று உனக்குத் தனியாக வரும். சிவப்பு மாடு கன்று போட்டது, கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது, குளிர் தாங்காவிட்டால் தலையில் துண்டைக் கட்டிக்கொள், வெள்ளைக்காரர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும் என்றெல்லாம் அதில் இருக்கும். ஜெயக்கொடியைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. எழுதக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். இதை எல்லோரும் தூங்கிய பிறகு அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். அய்யா புரண்டு படுத்தால்கூடக் கை நின்றுவிடுகிறது, எழுத்து கோழி கிண்டியது போல இருந்தால் பொறுத்துக்கொள்.

ஜெயக்கொடிக்கு ஒரு கண் போய்விட்டது அக்கா. இன்னொன்றைக் கட்டுப் பிரித்த பிறகுதான் சொல்ல முடியுமாம். பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்காருவாளே, நம் வீட்டுக்கு வந்தால் உன் புத்தகங்களை மோந்து மோந்து பார்ப்பாளே, அவள்தான்.

சீமைக்குப் போகும் முன் நீ பாடம் நடத்திய ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து உன் மாணவி முத்துத்தாய் டீச்சர் எங்கள் பத்தாம் வகுப்புக்கு நாற்பது நாள் பயிற்சிக்கு வந்திருக்கிறார். புதன்கிழமை அவர் பாடம் நடத்துவதைப் பார்த்து மார்க் போட உங்கள் பேராசிரியை வருவதாக இருந்தது. அதனால் திங்களும் செவ்வாயும் அதே பாடத்தை மூன்று தடவை ஒத்திகை பார்த்தோம். யார் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்வது, யார் மேசைக்குப் போய்ச் சோதனை செய்வது எல்லாம் முன்பே முடிவு. கேள்வி கேட்டதும் எல்லோரும் கையைத் தூக்க வேண்டும், பதில் தெரிந்தால் வலது கை, தெரியாவிட்டால் இடது கை. டீச்சர் வலது கைக்காரர்களை மட்டும் எழுப்புவார், பார்க்கிறவருக்கு வகுப்புக்கே தெரிந்த மாதிரி இருக்கும். இது யார் யோசனை என்று ஜெயக்கொடி கேட்டதற்கு, "நம்ம தங்கத்தோட அக்கா சொல்லிக்குடுத்ததுதான், வேற யாரு" என்று டீச்சர் சிரித்தார். எனக்கு அன்று பெருமையாக இருந்தது.

பாடம் கந்தக அமிலத்தில் தண்ணீர் கலப்பது. தண்ணீரில்தான் அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை ஊற்றக் கூடாது. பள்ளியில் அமிலம் கொஞ்சம்தான் இருந்தது என்று ஒத்திகைக்கு இரண்டு பீக்கரிலும் தண்ணீரையே வைத்தார்கள். ஜன்னல் பக்கத்து பீக்கர் அமிலம், கதவுப் பக்கத்து பீக்கர் தண்ணீர், ஜன்னல் பக்கத்தை எடுத்துக் கதவுப் பக்கத்தில் ஊற்று என்று ஜெயக்கொடிக்குப் பழக்கினார்கள். மூன்று தடவையும் தண்ணீரைத் தண்ணீரில் ஊற்றினாள். கடைசித் தடவை, "டீச்சர், அமிலம் குளுகுளுன்னு இருக்கு, ஒரு மடக்குக் குடிச்சுக்கிறவா" என்று கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தாள்.

புதன்கிழமை காலையில் ஆய்வுக்கூட உதவியாளர் வீரணன் நிஜ அமிலத்தைக் கொண்டுவந்து வைத்தார். எங்கள் ஒத்திகை அவருக்குத் தெரியாது, அமிலத்தைக் கதவுப் பக்கத்து பீக்கரிலும் தண்ணீரை ஜன்னல் பக்கத்து பீக்கரிலும் ஊற்றிவிட்டார். சாக்பீஸ் எடுக்கப் போன நான் அதைப் பார்த்தேன், அப்போது உறைக்கவில்லை. பாடத்தின் நடுவில் டீச்சர் எனக்கென்று வைத்திருந்த கேள்வியைக் கேட்டார், அமிலத்தில் தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும் என்று. நான் வலது கையைத் தூக்கி எழுந்து, சூடேறிக் கொதித்து மேலே தெறிக்கும் என்று சொன்னேன். கடைசிப் பெஞ்சிலிருந்த பேராசிரியை தலையை ஆட்டி எழுதிக்கொண்டார். அப்போதுதான் மேசை கண்ணில் பட்டது, இரண்டும் இடம் மாறியிருப்பது புரிந்தது. ஒத்திகையில் இல்லாத ஒரு வார்த்தை வந்தாலும் டீச்சரின் மார்க் போய்விடும் என்று சொல்லி வைத்திருந்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன் அக்கா. ஜெயக்கொடி பழகின கையால் மளமளவென்று ஊற்றினாள். அவள் கத்தியபோது அந்தப் பேராசிரியம்மா தலையைக் குனிந்து இன்னும் எழுதிக்கொண்டிருந்தார்.

போன மாதம் நீ எழுதியதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். அங்கே வேதியியல் ஆசிரியராகப் படிக்கிறவர்கள் ஒரு சோதனையைப் பிள்ளைகளுக்குக் காட்டும் முன்பு நிஜப் பொருளை வைத்துத் தனியாகச் செய்து, எங்கெங்கே தப்பு வரும் என்று எழுதிக் கொடுக்க வேண்டும், பின்னால் உட்கார்ந்து கவனிக்கிறவர் ஆபத்து என்று பட்டால் எழுந்து பாடத்தை நிறுத்திவிடுவார், ஒரு பையனை அப்படி நிறுத்தியபோது அவன் நன்றி சொன்னான் என்று எழுதியிருந்தாய். சோதனையின்போது பிள்ளைகள் எல்லோரும் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டியிருந்தார்கள் என்று நான் படித்ததும், "அம்புட்டுப் பிள்ளைகளுக்குமாடி கண்ணு நொள்ளை அந்த ஊர்ல" என்றாள் அம்மா. ஜெயக்கொடியும் அன்று நம் வீட்டில்தான் இருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

நேற்று பெரிய டீச்சர் ஒரு தாளைப் படித்துக் காட்டினார். பாடம் தொடங்கும் முன்பே ஜெயக்கொடி கேட்காமல் அமிலத்தை எடுத்து விளையாடினாள் என்று இருக்கிறது. திங்கட்கிழமை நாங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். இன்று முத்துத்தாய் டீச்சர் வீட்டுக்கே வந்துவிட்டார். "எங்க ஊர்லயே காலேஜு வாசல மிதிச்சவ நான் ஒருத்திதான் தங்கம், இது போச்சுன்னா திரும்பக் களையெடுக்கத்தான் போகணும்" என்று அழுதார், பார்க்கப் பாவமாக இருந்தது. அவர் போனதும் அம்மா, "அந்தப் பேராசிரியம்மாதான உங்க அக்காளுக்குச் சிபாரிசு பண்ணிச் சீமைக்கு அனுப்புனவுக, அவுகளப் பகைச்சா அவ திரும்பி வந்து எங்கிட்டு நிப்பா, பேசாமப் போட்டுரு" என்றாள். மத்தியானம் பெரியாஸ்பத்திரிக்குப் போனேன். ஜெயக்கொடியின் அம்மா ஒச்சம்மாள் நகர்ந்து எனக்குக் கட்டில் பக்கத்தில் இடம் விட்டார். ஜெயக்கொடி என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டு, "சொல்லிக்குடுத்த மாதிரிதானடி நான் ஊத்துனேன்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

உன்னிடம் கேட்டுச் செய்யலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். இது உன் கைக்கு வந்து உன் பதில் வர இருபது நாள் ஆகும், திங்கள் நாளை மறுநாள். இதுவரை எழுதியதைத் திரும்பப் படித்தேன், இதில் மாற்றி எழுத ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை பள்ளிக்கூடத்திலும் இதையேதான் எழுதிக் கொடுக்க வேண்டும், நான் பார்த்தும் சொல்லாமல் உட்கார்ந்ததையும் சேர்த்து. உனக்கு ஏதாவது கெடுதல் வந்தால் என் மேல் கோபப்பட்டுக்கொள். ஆனால் திரும்பி வந்ததும் அந்தக் கை தூக்கும் வித்தையை யாருக்கும் சொல்லிக்கொடுக்காதே.

அம்மா தினமும் பாண்டி கோவில் இருக்கும் திசையைப் பார்த்து உன் பேரைச் சொல்லிக் கும்பிடுகிறாள், அந்தத் திருநீற்றை இந்த மடிப்பில் தடவியிருக்கிறேன், நெற்றியில் வைத்துக்கொள். ஒன்று மட்டும் மறக்காதே, இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாதே. பின்னால் நானே பயந்து வேறு மாதிரி சொன்னால் இதை எடுத்துக் காட்டு. திங்கட்கிழமை தாளை நீட்டும் முன் பெரிய டீச்சர் பேருக்கு ஒரு தடவை கேட்பார், வேறு மாதிரி யாருக்காவது தெரியுமா என்று. நான் வலது கையைத் தூக்குவேன்.

உன் தங்கை,
சோ. தங்கப்பொண்ணு,
பத்தாம் வகுப்பு