நீ துடைத்த அறையில் நாங்கள் தங்கினோம்

அன்புள்ள அண்ணா,

என் பெயர் ஆல்பர்ட். வயது ஐம்பது. பாறசாலையில் ஆதாரம், அதாவது நிலப் பத்திரம், எழுதும் உரிமம் பெற்றவன். பொழியூர்க் கடற்கரையில் உனக்கு ஆறு ஆண்டு பின்னால் பிறந்த உன் ஒரே தம்பி. இவை உனக்குத் தெரியாதவை அல்ல. எழுதுகிறவன் யார், எதற்காக எழுதுகிறான் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது என் தொழிலின் ஒழுங்கு. என் நோக்கம் இரண்டு. நீ போக ஆசைப்பட்ட கப்பல் அறையில் நாங்கள் மூன்று இரவு தங்கித் திரும்பினோம் என்பதை உனக்குத் தெரிவிக்க வேண்டும். நீ ஏன் போக முடியவில்லை என்பதை உனக்கும், நம் தேவாலயத்தின் இந்தப் பங்கு இதழைப் படிக்கும் நம் ஊராருக்கும் சொல்ல வேண்டும்.

உன்னை நான் 'நீ' என்றே அழைத்து வந்தேன். இறந்துவிட்டாய் என்பதற்காக மரியாதையைக் கூட்டினால் அது பொய்யாகிவிடும். பொய் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. அது போதும்.

முந்தின ஆண்டு மழைக்காலத்தில் நீ என் எழுத்துக் கடைக்கு வந்ததை நினைவுபடுத்துகிறேன். நெஞ்சில் ஸ்டென்ட் வைத்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. கையில் கப்பல் கம்பெனியின் கடிதம் வைத்திருந்தாய். இருபத்திரண்டு ஆண்டுகள் பிறருடைய படுக்கைகளை விரித்ததற்கு மரியாதையாக, கொச்சியிலிருந்து கொழும்பு சென்று திரும்பும் பயணத்தில் உனக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு சூட், பெரிய சொகுசு அறை. ஒன்பதாம் தளத்தில் நீ கடைசியாகப் பொறுப்பில் இருந்த அதே அறை. உனக்கு முன்னால் மூன்று பேர் பெஞ்சில் இருந்தார்கள். அண்ணன் என்றாலும் வரிசை வரிசைதான் என்று உன்னை உட்காரச் சொன்னேன்.

"எலே, உனக்க கடையில ஏறுததைவிட கப்பல்ல ஏறுதது எளுப்பம்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். பெஞ்சில் இருந்தவர்களும் சிரித்தார்கள்.

அப்போது நான் பெருங்கடவிளையிலிருந்து வந்த ஒரு அம்மைக்கு ஓர் ஆதாரம் முடித்துக்கொண்டிருந்தேன். மகளுக்குப் பத்து சென்ட் எழுதி வைக்கிறார். எழுதி முடித்த பத்திரத்தைக் கையொப்பம் இடுபவருக்கு முழுவதுமாக வாசித்துக் காட்ட வேண்டும். 'வாசித்துக் கேட்டுச் சம்மதித்தேன்' என்ற வரிக்குக் கீழேதான் ஒப்பு விழ வேண்டும். அந்த அம்மைக்குக் காது மந்தம். இரண்டு முறை உரக்க வாசித்தேன். இருபத்தைந்து ஆண்டுகளில் நான் வாசித்துக் காட்டாமல் ஒருவரிடமும் ஒப்பு வாங்கியதில்லை.

உன்னைத் தவிர.

பேசுகிற ஆங்கிலம் உனக்கு என்னைவிட நன்றாக வரும். அச்சடித்த ஆங்கிலத்தை எப்போதும் என்னிடம் கொண்டுவந்து கொடுப்பாய். "எல்லாம் நீ பாத்து எழுதிக்கோ. எனக்கு ஒப்பு போடுத எடம் மட்டும் காட்டு" என்றாய். இரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி இருந்தது: கடந்த ஆறு மாதத்தில் இதயத்துக்குச் சிகிச்சை பெற்றதுண்டா? நான் 'ஆம்' என்பதில் குறியிட்டேன். அதோடு நிற்கவில்லை. நீ கோப்பில் வைத்திருந்த மருத்துவமனைச் சீட்டின் நகலையும், அவர்கள் கேட்காமலேயே, பின்னால் இணைத்தேன். பிறகு ஒப்புப் போடும் இடத்தை விரலால் காட்டினேன். நீ போட்டாய்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது. மருத்துவக் காரணத்தால் ஓராண்டு கழித்துப் பார்க்கலாம். அழைப்பு குடும்பத்தின் பெயரில் நிலுவையில் இருக்கும் என்று எழுதியிருந்தார்கள். அதை உனக்கு நான் வாசித்துக் காட்டினேன். அதை மட்டும் வாசித்துக் காட்டினேன்.

"எனக்க நெஞ்சு விசயம் இவங்களுக்கு எவன்டே சொன்னது?" என்று கேட்டாய்.

"கம்பெனிக்கு ஆயிரம் வழி உண்டு" என்றேன்.

படிவத்தில் முன்பின் தெரியாத ஓர் அலுவலகத்திடம் பொய் சொல்ல மறுத்தவன், எதிரில் உட்கார்ந்திருந்த அண்ணனிடம் அரை நிமிடத்தில் பொய் சொன்னான். எது என்னை அப்படிச் சொல்ல வைத்தது? உன் முகமா, என் பயமா?

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து தேவாலய முற்றத்தில் நின்று எல்லோரிடமும் சொன்னாய். "இருவத்திரண்டு வருசம் அவனுக்க மெத்தைய தட்டினேன். ஒருக்க அதுல கிடக்கலாம்னு நெனச்சேன். கம்பெனி சதிச்சு போட்டு மக்கா." நான் உன் பக்கத்தில்தான் நின்றேன். தலையாட்டினேன். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் சொன்னாய். ஒவ்வொரு ஞாயிறும் ஆட்டினேன்.

நான்காம் மாதம், வெள்ளிக்கிழமை மாலை, வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் கடலைப் பார்த்து உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. கப்பலுக்கு ஆகாத நெஞ்சு வீட்டுக்கும் ஆகவில்லை. உன் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவில் அப்போது மூன்று தென்னைகள் நின்றன. இப்போது ஒன்றுதான் மிச்சம். அதன் வேரும் வெளியே தெரிகிறது. கடலரிப்பைத் தடுக்கக் கல் போடுவதாகச் சொல்லிச் சென்றவர்கள் இன்னும் அளந்துகொண்டிருக்கிறார்கள்.

ஓராண்டு முடிந்ததும் கம்பெனி ஒழுங்காகக் கடிதம் அனுப்பியது. குடும்பத்தில் மூவர் வரலாம் என்றது. மதினி முதலில் மாட்டேன் என்றார். பிறகு, "அவரு போவணும்னு கெடந்து அடிச்ச அந்தக் கப்பல் முறிய நான் ஒருக்க பாக்கணும்" என்றார். உன் மகள் ஜெசி தான் வேலை பார்க்கும் மருத்துவமனையில் விடுப்பு எடுத்தாள். அச்சடித்த ஆங்கிலத்துக்கு ஆள் வேண்டுமே, அதற்காக நானும் சென்றேன். நீ மதினிக்கு எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட்டில் முதல் முத்திரை விழுந்தது.

அந்த அறையைப் பற்றி நான் உனக்குச் சொல்வது வேடிக்கைதான். தாயும் மகளும் படுக்கையறையில். நான் முன்னறைச் சோபாவில். நீ ஒருமுறைகூட உட்காராத சோபா. பணியாள் விருந்தினர் இருக்கையில் உட்காரக் கூடாது என்பது விதி என்றும், ஆள் இல்லாத அறையிலும் உட்கார்ந்ததில்லை என்றும் நீ பெருமையாகச் சொல்வாய். விதியைக் காப்பதில் நாம் இருவரும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்று அப்போது எனக்கும் பெருமை.

உன் குறிப்பைக் கொண்டு சென்றிருந்தேன். கப்பல் தாளில் பென்சிலால், மதினிக்காக ஆண்டுக்கணக்கில் சேர்த்து எழுதியது. சூட்டை முழுதாக அனுபவிக்கத் தெரிந்த விருந்தினரை நீ கண்டதே இல்லை என்பாய். கூச்சத்தால் பாதியைக் கேட்காமலே போய்விடுவார்களாம். அதனால் எல்லாவற்றையும் வரிசையாக எழுதியிருந்தாய். பெட்டியை நீயே திறக்காதே. அடுக்கித் தர ஆள் உண்டு, கூப்பிடு. தலையணை பன்னிரண்டு வகை; எல்லாவற்றையும் வாங்கித் தலை வைத்துப் பார். குளியல் தொட்டியை நிரப்பித் தரச் சொல். போகும்போது இடப்பக்க அறைதான் நம்முடையது. காலைக் காப்பியைப் பால்கனியில் குடி, நம் மலை தெரியும். கடல் தண்ணீரைத் தொட வேண்டுமானால் மேல்தளத்துக் குளத்துக்குப் போ, அது கடல் தண்ணீர்தான். பிறகு அடிக்கோடிட்டு ஒன்று: ஸ்டெல்லா, எதையும் துடைக்காதே.

மதினி அதைத்தான் முதலில் மீறினார்.

முதல் நாள் காலையில் நான் எழுவதற்குள் படுக்கை, நீ விரித்தது போல, மூலை மடித்து விரித்துக் கிடந்தது. குளியல் தொட்டி ஈரம் போகத் துடைக்கப்பட்டிருந்தது. கோப்பைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிக் கவிழ்த்திருந்தார். நீ விடுமுறைக்கு வரும்போது இப்படித்தான் வேண்டும் என்று இருபத்திரண்டு ஆண்டு சொல்லிக்கொடுத்ததை, உன் அறையிலேயே உனக்குச் செய்துகாட்டினார் போலும்.

அறைக்குப் பொறுப்பானவர் ரெஜி என்பவர். தூத்தூர்க்காரர், நாற்பது வயது இருக்கும், உன் கீழ் ஏழு ஆண்டு வேலை பார்த்தவர். உள்ளே வந்து பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தார்.

"சேச்சி, நிங்க இப்பிடி செய்தா நான் என்ன செய்ய? மேல உள்ளவன் வந்து பாத்தா, ரெஜிக்கு இங்க சோலி இல்லேன்னு வேற தளத்துக்கு மாத்திப் போடுவான்."

"ஆள் கிடந்த கட்டில அப்பிடியே போட்டிட்டு காப்பி குடிக்க எனக்கு ஏலாது" என்றார் மதினி.

"சேவியர் அண்ணனுக்க பெண்டாட்டி இல்லியா, பின்ன எப்பிடி இருக்கும்" என்று அவர் சிரித்தார். பிறகு பால்கனியில் காப்பியை வைத்துக்கொண்டே சொன்னார். "அண்ணன் இங்க இருந்து காப்பி குடிக்க வேண்டியது. ஆபீசுல சொன்னாவ, யாரோ அந்த ஃபாரத்துல உள்ளத உள்ளபடி எழுதிக் கொடுத்து, ஆசுபத்திரி சீட்டையும் கூட வச்சு விட்டிருக்கான். கம்பெனி என்ன செய்யும்? கையில கெடச்ச பேப்பர கீறிப் போட முடியுமா? இல்லேன்னு ஒரு கோடு போட்டா போதும். எல்லாரும் அதாக்கும் போடுதது. கீழ டாக்டர் உண்டு, ஆசுபத்திரி உண்டு. எவனோ பெரிய சத்தியவான்."

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. யார் எழுதியது என்று அவருக்குத் தெரியாது. தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மதினி என்னைப் பார்த்தார். "நீயாக்கும் எழுதினது?"

"நான்தான், மதினி."

"அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஞாயிறு ஞாயிறா அவரு கம்பெனியத் திட்டும்போ நீ பக்கத்துல நின்னே."

"நின்றேன்."

ஜெசி, "அம்மா, சித்தப்பா எழுதினது தப்பில்ல. நான் வார்டுல இருந்தா நானும் அதத்தான் எழுதுவேன்" என்றாள்.

"எழுதினத நான் கேக்கல்ல மக்கா" என்றார் மதினி. "ஊருல உள்ளவனுக்கெல்லாம் வாசிச்சுக் காட்டுத வாயாக்கும் இது. சொந்த அண்ணனுக்கு ஒரு வரி வாசிக்க வரல்ல."

வெயிலில் மலை நீலமாகத் தெரிந்தது. கரை தெரியவில்லை. எந்த மலை எந்த மலைக்கு மேல் எழுகிறது என்று பார்த்து, அப்பனோடு வள்ளத்தில் போன காலத்துக் கணக்கில், "இப்போ நம்ம பள்ளிக்கு நேரா போறோம்" என்றார் மதினி. அதாவது நம் தேவாலயத்துக்கு, அதன் கல்லறையில் கிடக்கும் உனக்கு நேராக. அதன் பிறகு அந்தப் பயணத்தில் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு சொல் பேசவில்லை.

ஆனால் குறிப்பை நிறைவேற்றினார். உள்ளே வந்து அந்தச் சோபாவில் உட்கார்ந்து, காலையும் தூக்கி மேலே வைத்துக்கொண்டு, "அந்த லிஸ்ட எடுத்துப் படி. மெதுவா. ஒண்ணும் விடப்பிடாது" என்றார். நான் வாசித்தேன். ஒவ்வொன்றுக்கும் ரெஜியை அழைத்தார். பன்னிரண்டு தலையணையும் வந்தன. தொட்டி நிரம்பியது. அடுக்கிய துணிகளைப் பெட்டிக்குள் திருப்பி வைத்து, மீண்டும் அடுக்கச் செய்தார். ஆடம்பரத்தை ஒருவர் இவ்வளவு கசப்போடு, இவ்வளவு முழுமையாக அனுபவித்து நான் கண்டதில்லை. கடைசியில் சேலை உடுத்தியபடியே மேல்தளத்துக் குளத்துக்குப் போனார். நீச்சலுடையில் கிடந்தவர்கள் பார்க்க, குனிந்து தண்ணீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை வரைந்தார். வள்ளம் தள்ளுமுன் நம் ஆட்கள் செய்வது போல. முப்பது மணி நேரம் கடலில் இருந்த பிறகு.

குறிப்பின் கடைசி வரியை மட்டும் நான் வாசிக்கவில்லை. மதினியே தாளை வாங்கி வாசித்தார். 'ஒருநாள் முழுக்க ஒண்ணும் செய்யாம சும்மா இருக்கணும். நானும் கூட இருப்பேன்.' அதை அவர் நிறைவேற்றவில்லை. எழுந்து போய்ப் பன்னிரண்டு தலையணைகளுக்கும் உறையைச் சரிசெய்தார்.

அண்ணா, நான் எழுதியது தவறு என்று சொல்ல என்னால் இன்றும் முடியவில்லை. 'இல்லை' என்று எழுதியிருந்தால், அந்தப் பால்கனியில் ஒரு காலை உட்கார்ந்திருப்பாயா, அல்லது நடுக்கடலில் எங்களைக் கதறவிட்டிருப்பாயா? தெரியாது. அதே படிவம் நாளை வந்தாலும் 'ஆம்' என்றே எழுதுவேன். ஆனால் உனக்கு வாசித்துக் காட்டுவேன். நீ கோபப்பட்டுத் தாளைப் பிடுங்கிக்கொண்டு, அடுத்த கடைக்காரனிடம் போக வழி விடுவேன். அந்த வழியைத்தான் நான் அடைத்தேன். அதற்கு எந்த விதியும் எனக்குத் துணை நிற்காது.

கொச்சியில் இறங்கும்போது மதினி சொன்னது ஒன்றே: "அவரு பள்ளி முற்றத்துல நின்னாக்கும் சொன்னது. நீயும் அங்க நின்னு சொல்லு."

ஆகவே இனி நான் செய்யப்போவது இது. வரும் ஞாயிறு பூசை முடிந்ததும், நீ நின்ற அதே இடத்தில் நின்று, நீ சொன்னதைக் கேட்ட அதே ஆட்களுக்கு இக்கடிதத்தை முழுவதும் வாசிப்பேன். பின்னர் கல்லறைக்கு வந்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை, காது மந்தமானவருக்கு வாசிப்பது போல, உனக்கு இரண்டு முறை வாசிப்பேன். சம்மதித்தாயா என்று கேட்கமாட்டேன். ஒப்பு வாங்க எனக்கு இனி உரிமை இல்லை.

ஆதாரத்தில் அடித்தலும் திருத்தலும் இருந்தால் முடிவில் அதை அறிவிக்க வேண்டும். அறிவிக்கிறேன். தேவாலய முற்றத்தில் நீ சொன்ன வாக்கியத்தில் 'கம்பெனி' என்ற ஒரு சொல் அடிக்கப்பட்டது. அதன்மேல் 'தம்பி' என்ற ஒரு சொல் சேர்க்கப்பட்டது. வேறு திருத்தம் இல்லை.

இப்படிக்கு,
உனக்கு வாசித்துக் காட்டாமல் உன் ஒப்பை வாங்கிய
உன் உடன்பிறந்த தம்பி,
ஆல்பர்ட்