நெதர்விக் ஆட்கள் நாற்பத்தொரு பேர்

ஆல்டர்ஃபோல்ட்
4 பிப்ரவரி 2013

அன்புள்ள டோரீன்,

இந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் யார் செத்துப்போனார்களோ என்று பதறியிருப்பாய். யாரும் சாகவில்லை. உன் விலாசத்தை ரோசலிண்டிடம் வாங்கினேன். "எழுதுறதுன்னா எழுது. அவ பதில் போடலேன்னா எங்கிட்ட வந்து புலம்பாதே" என்று சொல்லித்தான் கொடுத்தாள், உன் பெரியப்பா மகள். நாம் கடைசியாக எழுதிக்கொண்டு நாற்பத்தொன்பது வருடம் ஆகிறது.

விஷயம் இதுதான். ஜூன் எட்டாம் தேதி எங்கள் ஸ்டேஷனுக்கு நூற்றைம்பது வயது. ஊர் வரலாற்றுச் சங்கம் சின்னதாக ஒரு புத்தகம் போடுகிறது, எழுதுகிறவன் நான். சுவரில் ஒரு கல்லும் பதிக்கிறார்கள், '1961-இல் இந்த ரயிலைக் காப்பாற்றிய மாரிஸ் டாப்செல்' என்று. உயிரோடு இருப்பவனுக்குக் கல்லா என்று கூச்சப்பட்டேன். சங்கத் தலைவி திருமதி ஹாலோவே, "நீங்க போற வரைக்கும் நாங்க காத்திட்டிருக்க முடியுமா, மாரிஸ்? சிமெண்ட் வாங்கியாச்சு" என்றார்.

ஊரை நீ பார்த்தால் அடையாளம் தெரியாது. அப்பாவின் விதைக் கடை இப்போது வீடு விற்பவர்களின் அலுவலகம். மாட்டுச் சந்தை நடந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள், காலை ஆறரைக்கே நிரம்பிவிடுகிறது. 'நீர்க்கீரைத் தெரு' என்று ஒரு புதுத் தெரு இருக்கிறது, அங்கே கீரையைத் தவிர எல்லாம் உண்டு. ஊரில் பாதிப் பேர் 7.14 ரயிலில் லண்டனுக்குப் போய் இருட்டியபின் திரும்புகிறார்கள். நான் காலையில் பத்திரிகை வாங்க ஸ்டேஷனுக்குப் போவேன். பிளாட்பாரத்தில் ரயில் கதவு எங்கே வந்து நிற்கும் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். இருபது வருடமாக அதே இடத்தில் அதே ஆள், பக்கத்து ஆளோடு ஒரு வார்த்தை கிடையாது. போன நவம்பரில் அவர்களில் ஒருவர் இறந்துவிட்டார். அவர் நின்ற இடத்தில் இரண்டு வாரம் யாரும் நிற்கவில்லை. அவர் பேர் என்னவென்று கேட்டேன், ஒருவருக்கும் தெரியவில்லை.

உன்னிடம் அப்போது ஒரு பெட்டிக் கேமரா இருந்ததே! அந்த ஏப்ரல் வாரம் எடுத்த படம் ஏதாவது இருந்தால் அனுப்பேன்.

பழைய அன்புடன்,
மாரிஸ்


ஹல்
16 பிப்ரவரி 2013

அன்புள்ள மாரிஸ்,

உன் கடிதத்தை இரண்டு நாள் அலமாரி மேல் வைத்திருந்தேன், பிரிக்காமல். அப்புறம் பிரித்தேன். நான் நலம். என் கணவர் கென் போய் நான்கு வருடம் ஆகிறது. மகன்கள் இரண்டு பேர், இருவரும் போனில் மட்டும்.

படம் ஒன்று இருக்கிறது. ஆனால் உன் பிளாட்பாரத்தில் எடுத்ததல்ல. எங்கள் நெதர்விக்கிலிருந்து மூன்று மைல் சந்து வழியாக உன் ஊருக்கு நாங்கள் நடந்து வந்தபோது எடுத்தது. புத்தகம் எழுதுகிறாய் என்பதால் ஞாபகப்படுத்துகிறேன். எந்த ஸ்டேஷனில் எத்தனை பேர் ஏறுகிறார்கள் என்று எண்ண ரயில்வேயிலிருந்து ஆட்கள் வந்தார்கள், திங்கள் முதல் சனி வரை. ஆள் ஏறாத ஸ்டேஷனை மூடப்போவதாகப் பேச்சு. நீ எங்கள் வீட்டு வாசலில் நின்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "ஆல்டர்ஃபோல்டுல கூட்டம் காட்டினா பாதையே பிழைச்சுக்கும், டோர். பாதை பிழைச்சா உங்க ஸ்டேஷனும் தானா பிழைச்சுக்கும். உங்க ஊர் ஆளுங்களை எங்க பக்கம் கூட்டிட்டு வா."

நான் ஒரு வீடு விடாமல் கதவைத் தட்டினேன். நாற்பத்தொரு பேர். திருமதி கெட்ஜ் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். ஆறு நாளும் மழை.

எங்கள் ஸ்டேஷனில் சீட்டுக் கொடுப்பது, மூட்டை தூக்குவது, விளக்கேற்றுவது எல்லாமே என் அப்பாதான். அந்த வாரம் ஒவ்வொரு ரயிலுக்கும் தொப்பி போட்டுக்கொண்டு வெளியே வந்து நின்றார். ஒருவரும் ஏறவில்லை. நாங்கள் சந்தில் போவதை அவர் பார்த்தார். பாதை பிழைத்துக்கொண்டது, 1964 மார்ச்சில் எங்கள் ஸ்டேஷனை மட்டும் மூடினார்கள். வேலையோடு வீடும் போயிற்று. இங்கே வந்து துறைமுகக் கிடங்கில் இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். 'என் மகளே என் ஸ்டேஷனைக் காலி செய்தாள்' என்று ஒரு தடவையாவது திட்டியிருக்கலாம்.

அதனால்தான் உனக்கு எழுதுவதை நிறுத்தினேன். உன் மேல் கோபம் இருந்ததில்லை. உன் முகத்தை நினைத்தால் நான் செய்த முட்டாள்தனம் ஞாபகம் வந்துவிடும், அவ்வளவுதான். உன் புத்தகத்தில் நெதர்விக் இருக்கிறதா?

டோரீன்


ஆல்டர்ஃபோல்ட்
9 மார்ச் 2013

அன்புள்ள டோரீன்,

கென் பற்றிக் கேட்டு வருந்தினேன். நெதர்விக்குக்கு நிச்சயம் ஒரு வரி உண்டு, முடிந்தால் இரண்டு. இங்கே ஓயாத குளிர், என் வலது முழங்கால் மாடிப்படியைக் கண்டாலே முனகுகிறது. வைத்தியர் நடக்கச் சொல்கிறார், நடந்தால் வலிக்கிறது. படத்தை மறந்துவிடாதே.

அன்புடன்,
மாரிஸ்


ஹல்
20 மார்ச் 2013

மாரிஸ்,

என் அப்பாவைப் பற்றி நான் யாரிடமும் சொல்லாததைச் சொன்னேன். நீ உன் முழங்காலைப் பற்றிப் பதில் எழுதுகிறாய். ஆல்டர்ஃபோல்ட்காரனாகவே ஆகிவிட்டாய்.

நேற்று ஒன்று ஞாபகம் வந்தது. எங்கள் ஸ்டேஷனில் எண்ண வந்தவன் நல்ல மனுஷன். அப்பாவின் டீயைக் குடித்துவிட்டுக் கூடவே நிற்பான். புதன்கிழமை சாயங்காலம் கிளம்பும்போது அப்பாவிடம் சொன்னானாம்: "நான் ஆல்டர்ஃபோல்டுலதான் தங்கியிருக்கேன். உங்க ஜனங்க எங்கே போறாங்கன்னு அங்கே விசாரிச்சு, விஷயத்தைச் சொல்லிட்டு வர்றேன்." மறுநாள் அவன் எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை, அவர் சுபாவம் அப்படி.

அவன் அன்று உங்கள் ஊரில் யாரைப் பார்த்தான்? உனக்குத் தெரியுமா?

டோரீன்


ஆல்டர்ஃபோல்ட்
2 ஏப்ரல் 2013

டோரீன்,

என்னைப் பார்த்தான்.

சாயங்காலம் ஆறு மணி, சந்தை முனையில் இருக்கும் மதுக்கடை. எனக்கும் ஒரு பீர் வாங்கிக் கொடுத்தான். "ஏம்ப்பா, நெதர்விக்குல மூணு நாளா நிக்கிறேன். ஏறினது ஒரே ஒரு நாய், அதுவும் தப்பா ஏறி இறங்கிடுச்சு. இங்கே என்னடான்னா திருவிழாக் கூட்டம். ஒவ்வொரு ஸ்டேஷனுக்கும் தனித்தனிக் காகிதம்பா, சேர்த்தெல்லாம் கூட்ட மாட்டாங்க. அந்தப் பெரியவரைப் பார்க்கவே கஷ்டமா இருக்கு. யார்கிட்ட சொல்லணுமோ இப்பவே சொல்லிடு, இன்னும் மூணு நாள் இருக்கு" என்றான். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவன் என்னை நம்பினான்.

எங்கள் ஊர்க்காரர்கள் செவ்வாய்க்கிழமையே அலுத்துவிட்டார்கள். பாதிப் பேர் வரவில்லை. மிச்சக் கூட்டம் என்று இருந்ததே உன் ஆட்கள்தான். அவர்களைத் திருப்பி அனுப்பினால் எங்கள் ஸ்டேஷன் போய்விடும், அப்பாவின் கடை போய்விடும் என்று கணக்குப் போட்டேன். வியாழக்கிழமை காலை நீ நனைந்த செருப்போடு பிளாட்பாரத்தில் ஏறி, "நாற்பத்தொண்ணு மாரிஸ்! ஒருத்தர் குறையல!" என்று கத்தினாய். நான் தொப்பியைத் தூக்கிக் காட்டினேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தொப்பியைத்தான் தூக்கினேன்.

நீ எழுதுவதை நிறுத்தியதும், உனக்கு எப்படியோ தெரிந்துவிட்டது, எனக்கு அதுதான் தண்டனை என்று இருந்துவிட்டேன். பிப்ரவரியில் அத்தனை உல்லாசமாக எழுதியது, நீ மன்னித்துவிட்டாயா என்று நாடி பிடித்துப் பார்க்கத்தான். உன் பதிலைப் படித்தபோதுதான் தெரிந்தது, என்னுடைய தப்பை அரை நூற்றாண்டாக நீ சுமந்திருக்கிறாய் என்று. அப்போதுகூட முழங்காலைப் பற்றி எழுதினேன். அத்தனை கோழை நான்.

நீ முட்டாள்தனம் எதுவும் செய்யவில்லை, டோரீன். அடுத்த ஊருக்கு உதவி செய்தாய். உன் அப்பாவின் பிளாட்பாரத்தைக் காலி செய்தவன் நான். எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மாரிஸ்


ஆல்டர்ஃபோல்ட்
11 ஜூன் 2013

அன்புள்ள டோரீன்,

நீ பதில் எழுதவில்லை. எழுத வேண்டும் என்று கேட்கவும் எனக்கு வாயில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

உனக்கு எழுதியதை அப்படியே ஒரு பக்கமாகப் புத்தகத்தில் சேர்த்துக் கொடுத்தேன். திருமதி ஹாலோவே படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது கொண்டாட்டம், மாரிஸ். பாவமன்னிப்பு கேட்கிற இடம் இல்ல. வீடு வாங்க வர்றவங்க எல்லாம் இதைப் படிப்பாங்க." சங்கத்தில் ஏழு பேர் கை தூக்கினார்கள், பக்கம் போயிற்று. கல்லிலிருந்து என் பேரையாவது எடுங்கள் என்று பிடிவாதம் பிடித்தேன். இப்போது 'ஊர் மக்கள்' என்று இருக்கிறது.

அச்சாகி வந்த புத்தகங்களை மாதா கோயில் கூடத்தில் பெட்டி பெட்டியாக வைத்திருந்தார்கள். சாவி என்னிடம் இருந்தது. நூலகத்தில் அந்தப் பக்கத்தை முந்நூறு பிரதி எடுத்தேன். இரண்டு பகல் தரையில் மண்டியிட்டு, ஒவ்வொரு புத்தகமாகத் திறந்து, மடித்த தாளை உள்ளே வைத்தேன். சனிக்கிழமை விழாவில் ஜனங்கள் வாங்கினார்கள், நின்றபடியே படித்தார்கள், தாளைத் திரும்ப மடித்துப் பையில் போட்டுக்கொண்டார்கள். ஒருவரும் என்னிடம் எதுவும் பேசவில்லை. இந்த ஊர்தான் தெரியுமே.

நேற்று திங்கட்கிழமை பத்திரிகை வாங்கப் போனேன். 7.14-க்கு நிற்கும் கூட்டத்தில், மூன்றாவது கதவுக்காரர், நான் இத்தனை வருடத்தில் குரலே கேட்டிராத மனுஷன், தன் பக்கத்தில் நிற்பவரைப் பார்த்து, "இந்த நெதர்விக் எந்தப் பக்கம்ங்க?" என்று கேட்டார். பக்கத்தில் நின்றவர் திகைத்துப்போய், "தெரியலீங்களே" என்றார். நான் கையைக் காட்டினேன்.

மாரிஸ்


குரொய்டன், ரோசலிண்ட் வீடு
19 ஜூன் 2013

மாரிஸ்,

ஏப்ரலில் உன் கடிதம் வந்ததும் உன்னைத் திட்டி ஏழு கடிதம் எழுதினேன். ஒன்றும் தபாலுக்குப் போகவில்லை. அவ்வளவு கோபம். அதோடு, தோளிலிருந்து ஏதோ இறங்கிய மாதிரியும் இருந்தது. இதை இருபத்தைந்து வயதில் இறக்கி வைத்திருக்கலாமே என்று அதற்கும் சேர்த்துக் கோபம்.

போன வெள்ளிக்கிழமை உன் ஊருக்கு வந்தேன். உனக்குச் சொல்லவில்லை, ரோசலிண்டுக்கும் சொல்லவில்லை. கல்லைப் பார்த்தேன். ஸ்டேஷன் கடையில் உன் புத்தகம் நான்கு பிரதி இருந்தது, நான்கையும் திறந்து பார்த்தேன். நான்கிலும் தாள் இருந்தது. உன் வீட்டு மணியை அடிக்கத்தான் வந்தேன், தெருமுனை வரை வந்துவிட்டுத் திரும்பினேன். மறுபடி பிளாட்பாரத்தில் நின்றபோது பின்னால் ஒருவர் இருமினார். தெரியாமல் அவருடைய இடத்தில் நின்றுவிட்டேனாம்.

டாக்ஸி பிடித்து நெதர்விக் போனேன். எங்கள் வீட்டில் கோழி வளர்க்கிறார்கள், கதவுக்கு மஞ்சள் வர்ணம் அடித்திருக்கிறார்கள். முள்செடிக்கு அடியில் பிளாட்பாரத்தின் விளிம்பு ஓர் ஆள் நீளத்துக்கு இன்னும் இருக்கிறது. அப்பா நின்ற இடம் அதுதான். ரயில் சத்தமில்லாமல் நிற்காமல் போயிற்று. உள்ளே எல்லோரும் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

படத்தை இதோடு வைத்திருக்கிறேன். நாற்பத்தொரு பேரும் உன் ஊர்ப் பக்கம் நடக்கிறார்கள். முன்னால் திரும்பிப் பார்த்துச் சிரிப்பவள் என் தங்கை.

ஜூன் முப்பது, ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணிக்கு அப்பா நின்ற அந்த இடத்தில் நான் நிற்பேன். உன் ஊரில் உன்னை வந்து பார்க்க மாட்டேன், நீ எங்கள் ஊருக்கு வா. காரில் வரக் கூடாது. அதே சந்து வழியாக மூன்று மைலும் நடந்து வா. முழங்காலைப் பற்றி எழுதாதே, கைத்தடி கொண்டு வா, வழியில் எத்தனை தடவை வேண்டுமானாலும் உட்கார்ந்துகொள். மன்னித்துவிட்டேன் என்று நான் எழுதவில்லை. நீ வந்து சேரும் வரைக்கும் அது எனக்கே தெரியாது.

இந்தத் தடவை எண்ணப்போகிறவள் நான். ஒரே ஒரு ஆள் வந்தால் போதும்.

டோரீன்