முதலில் திறந்தவள்

நெயாஃபு, மார்ச் 4

அன்புள்ள உனைசி,

மூன்று வாரமாக எங்கள் தீவின் வனிலா விவசாயிகள் சங்கத்தில் ஒரு கணினியும் எழுந்திருக்கவில்லை. அதனால்தான் காகிதம். விமானம் ஏறும் சித்தி கையில் கொடுத்தனுப்புகிறேன்.

எங்கள் ஊர் நிலப்பிரபு வீட்டில் சாவு என்று ஒரு மின்னஞ்சல். எந்த வீடு சீராகப் பாய் கொண்டுவர வேண்டும், எந்த வீடு பன்றி என்ற பட்டியல் இணைப்பில். எங்கள் ஊரில் அதைத் திறக்காமல் இருக்க முடியுமா? துக்க வீட்டைக் கூப்பிட்டு உண்மைதானா என்று கேட்பது அதைவிடக் கேவலம். பதினொரு பேரும் திறந்தோம். கணினிகள் எல்லாம் பூட்டிக்கொண்டன.

யாரும் சாகவில்லை.

முதலில் திறந்தவரைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைச் சங்கத் தலைவர் என்னிடம் கொடுத்திருக்கிறார். இங்கே கணினி படித்தவள் நான் ஒருத்திதானே. அந்த ஆளுக்கு வேலை போகும் என்கிறார். எல்லோரும் குமாஸ்தா விலியாமியைப் பார்க்கிறார்கள். கண்ணாடி இல்லாமல் எதையும் அழுத்துகிறவர்.

நீ சுவாவில் நடத்தும் மாநாட்டில் இதைப் பற்றிப் பேச வரச் சொல்லியனுப்பியிருக்கிறாய். எப்படிப் பேசுவேன்? முதலில் திறந்தவள் நான். மற்றவர்களுக்கு அனுப்பியவளும் நான்.

செமி உங்கள் ஊர் வழக்கப்படி திமிங்கலப் பல்லோடு உன்னைப் பெண் கேட்டு வந்தானா, இல்லையா?

உன் லூப்பே


சுவா, மார்ச் 15

அடி லூப்பே,

செமி வரவில்லை. அவன் மாமாக்கள் இன்னும் நாள் பார்க்கிறார்களாம். அதைக் கேட்காதே.

நீ வா. இணையத் தாக்குதலைப் பற்றிப் பேசப் பதினான்கு தீவு நாடுகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தாக்கப்பட்டவர் ஒருவர்கூட வாய் திறக்க மாட்டேன் என்கிறார். பயிற்சித் திட்டத்தில் யாருக்கு எதைக் கற்றுத்தருவது என்று ஒரு நாள் முழுக்க விவாதம் வேறு.

உன் பேச்சை நானே எழுதிவிட்டேன். உள்ளே வைத்திருக்கிறேன். 'ஓர் ஊழியர் திறந்தார்' என்று மட்டும் இருக்கிறது. அப்படியே வாசித்துவிடு. உன் வேலை எனக்கு முக்கியம்.

உனைசி


நெயாஃபு, மார்ச் 29

உனைசி,

வருகிறேன்.

நேற்று விலியாமி என் மேசையருகே வந்து நின்றார். "ஒருவேளை நான்தானோ என்னமோம்மா. ஞாபகமில்ல. என் பேரையே எழுதிக்க" என்றார்.

உன் பேச்சை மடித்து வைத்திருக்கிறேன்.

லூப்பே


சுவா, ஏப்ரல் 20

லூப்பே,

நான் எழுதியதை நீ வாசிக்கவில்லை. "அந்த ஊழியர் நான்தான்" என்று நீ சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது.

முடித்ததும் விமானத்துக்கு ஓடிவிட்டாய். பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. சிட்னியிலிருந்து வந்த நிபுணர் மைக்கைப் பிடித்து, இதெல்லாம் மனிதப் பலவீனம் என்று ஆரம்பித்தார். கிரிபாத்தித் தீவுக்காரர் பவுரோ எழுந்தார். "பலவீனமில்லங்க, மரியாதை. எனக்கு சர்ச் வசூல்னு மெயில் வந்துச்சு. நானும் தெறந்தேன்."

அப்புறம் 'நானும் திறந்தேன்' என்று கைகள் உயர்ந்தன. ஒன்று, மூன்று, அந்த ஓரத்தில் இரண்டு. எங்கள் அலுவலக இயக்குநரம்மாவுடையதும்.

பயிற்சித் திட்டத்தின் முதல் பாடம் அன்று மாலையே மாறியது: தவறு செய்தவர் பயமில்லாமல் உடனே சொல்வது எப்படி.

உன் தலைவர் என்ன சொன்னார்? கவலையாக இருக்கிறது.

உனைசி


நெயாஃபு, ஜூன் 8

உனைசி,

பதில் தாமதம். பொறுத்துக்கொள்.

ஊர் திரும்பிய அன்றே தலைவரிடம் சொன்னேன். "நான் ரெண்டு தடவ தெறந்தேன். முதல் தடவ என் வீட்டுக்கு என்ன போட்டிருக்குன்னு சரியாத் தெரியல" என்றார்.

என் வேலை போகவில்லை. கணினிகளும் எழுந்துவிட்டன. புது விதி ஒன்று போட்டிருக்கிறோம்: சாவோ கல்யாணமோ, சொல்பவரின் குரலைக் கேட்காமல் யாரும் எதையும் திறப்பதில்லை. விலியாமிதான் காவல். கண்ணாடி வாங்கிவிட்டார்.

நேற்று உன் பெயரில் ஒரு மின்னஞ்சல் வந்தது. கல்யாண அழைப்பாம். இணைப்போடு. என் கை அதன்மேல் போனது. விலியாமி விடவில்லை. "அந்தச் செமி அவ்வளவு சுறுசுறுப்பான ஆளில்லன்னு நீதானேம்மா சொன்ன?"

கல்யாணம் உண்மைதானா? தொலைபேசியில் கூப்பிட்டு உன் வாயால் சொல்.

எங்கள் வீட்டில் கல்யாணச் சீருக்கென்று வைத்திருக்கும் நல்ல பாயை மட்டும் எடுத்து வெயிலில் போட்டிருக்கிறேன்.

உன் லூப்பே