மீன் பெயர் வைத்த மூன்று கார்கள்

அண்ணி,

இன்று காலை உன் கறுப்பு அம்பாசிடரின் டிக்கியைத் திறந்தேன். ஐஸ் தண்ணீரும் பெட்ரோலும் பழைய பனையோலைக் கூடையும் கலந்த அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. சோப்புப் போட்டுத் தேய்த்து, நாள் கணக்கில் வெயிலில் திறந்து போட்டும் போகவில்லை. நம்மோடு கூடை தூக்கிய மேரி ஏதோ ஸ்ப்ரே வாங்கி வந்து அடித்தாள். மல்லிகை வாசனையாம். இப்போது தலையில் பூ வைத்துக்கொண்ட மீன் மாதிரி மணக்கிறது. சிரித்தேன். சிரித்த கையோடு நீ ஞாபகத்துக்கு வந்தாய். உடனே கோபமும் வந்தது. உன்மேல் எனக்கு ஒரு வழக்கு இன்னும் தீராமல் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும், நீ அனுசரித்துக்கொள்.

எனக்கு எதுவும் மறப்பதில்லை. அந்த பஸ் கண்டக்டரின் மூக்கு இடப்பக்கம் வளைந்திருக்கும். நீ என் அண்ணனைக் கட்டிக்கொண்டு தோணிரேவுக்கு வந்த புதிது. நாம் இரண்டு பேரும் எறா கூடையோடு பொன்னேரி பஸ்ஸில் ஏறியிருந்தோம். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் மூக்கைப் பொத்தினார் என்பதற்காக, பாதி வழியில் ஒரு புளியமரத்து ஸ்டாப்பில் அந்த வளைந்த மூக்குக்காரன் நம் கூடைகளைத் தூக்கி ரோட்டில் வைத்தான். வைத்தான் என்பது மரியாதைக்கு. என் கூடை கவிழ்ந்து எறா முழுவதும் மண்ணில் போனது. நான் அவன் வம்சத்தையே இழுத்துத் திட்டினேன். நீ குந்தி உட்கார்ந்து எறாவைப் பொறுக்கிக்கொண்டிருந்தாய். பஸ் கண்ணுக்கு மறைந்த பிறகுதான் பேசினாய்.

"ஏன்டி, அந்த பஸ்ஸு இன்னா அவன் அப்பன் வூட்டுதா?"

"அவன் அப்பன் வூட்டுது இல்லதான். நம்ம அப்பன் வூட்டுதும் இல்லியே அண்ணி."

"எங்க நைனா வூட்ல ஒண்ணு நிக்குது," என்றாய்.

உன் நைனா பொன்னேரியில் டாக்ஸி ஓட்டியவர். அவர் மடியில் உட்கார்ந்து ஸ்டீரிங் பிடித்து வளர்ந்தவள் நீ என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அவருக்கும் வயதாகி, காருக்கும் வயதாகி, இரண்டும் வீட்டு வாசலிலேயே நின்றுவிட்டிருந்த சமயம். நீ போய்க் கேட்டாய், அவர் கொடுத்தார். அந்தக் கறுப்பு அம்பாசிடரை நீயே ஓட்டிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தபோது, வலை தைத்துக்கொண்டிருந்த ஆம்பளைகள் எல்லாரும் எழுந்து நின்றார்கள். மரியாதைக்கு இல்லை. மேலே ஏற்றிவிடுவாய் என்ற பயத்தில்.

மெட்ராஸ்காரர்கள் சின்னச் சின்னப் புதுக் கார் வாங்கிக்கொண்டு பழசையெல்லாம் தள்ளிவிட்ட காலம் அது. வெள்ளை பத்மினி வந்தது. அப்புறம் பச்சை ஹெரால்டு வந்தது. யாரும் வேண்டாம் என்று ஒதுக்கியவைதான் நம்மிடம் வந்து சேர்ந்தன. பெயர் வைத்தது நான். கொழுத்த அம்பாசிடருக்கு மடவை. ஒல்லியான பத்மினிக்குக் கிழங்கா. முன்பக்கம் முழுவதும் வாய் மாதிரிப் பிளந்து திறக்கும் ஹெரால்டுக்குக் கொடுவா. கூடை தூக்கும் பெண்கள் எல்லாரும் காட்டூர் தெருக்களிலும் பொன்னேரி மார்க்கெட்டிலும் நம் மீனை நாமே விற்றோம். கரையில் நின்று விலை சொல்லும் ஏஜெண்டுக்கு அந்த வருஷங்களில் நம்மைக் கண்டாலே ஆகாது.

யார் எந்தக் காரில், யார் முன் சீட்டில் என்று சண்டை வந்தது. ஆரம்பித்தது நான்தான், மறைக்கவில்லை. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்று ஊர் கூடி முறை வைப்பதைப் பாடு என்கிறோம். அந்தப் பாடு முறையில் பெண்ணுக்குப் பங்கு கிடையாது, அன்றும் இன்றும். நீ ஒரு சட்டி நிறையச் சிப்பி கொண்டுவந்தாய். ஆளுக்கு ஒரு சிப்பியில் மையால் அடையாளம் போட்டாய்.

"ஏரிலதான் நமக்குப் பாடு இல்ல. காருல இருக்கட்டும்," என்று சட்டியைக் குலுக்கினாய்.

அன்றிலிருந்து நம் காருக்கும் பாடு வந்தது. சிப்பி எடுத்தபடி உட்கார்ந்தோம், ஒரு சண்டை இல்லை.

இப்போது என் வழக்குக்கு வருகிறேன். கூடைக்கார எல்லம்மாவுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தாய். மேரிக்குக் கற்றுக்கொடுத்தாய். லைசென்சும் எடுத்துக்கொடுத்தாய். கூடவே இருந்த எனக்கு மட்டும் மாட்டேன் என்றாய். ஏன் என்று கேட்டதற்கு எல்லார் முன்னாலும் சொன்னாய்:

"உனக்குக் கோவம் கால்ல கீதுடி. ஆக்சிலேட்டர மிதிப்ப, பிரேக்க மிதிக்க மாட்ட. அந்தக் கண்டக்டர் எங்க கீறான்னு தேடிப் போய் மோதுவ."

மேரி சிரித்தாள். எல்லம்மா முந்தானையில் வாயைப் பொத்திச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

உன் மகன் சேகருக்கு அந்தக் கார்கள்மேல் வேறு மாதிரிக் கோபம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கருவாட்டு வண்டி என்று கூப்பிட்டார்களாம். பள்ளிக்கூடம் தெரியும் வளைவுக்கு முன்னாலேயே காரிலிருந்து இறங்கி நடந்து போவான். நீ தெரியாத மாதிரி இருந்தாய். எனக்கும் தெரியும். அப்புறம் அவன் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் வேலைக்குப் போனான். ஊரே அந்தத் துறைமுகம் வேண்டாம் என்று கொடி பிடித்தபோது, இவன் கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினான். அதையும் நான் மறக்கவில்லை.

நீ படுக்கையில் விழுந்த வருஷம் ஆயுத பூசைக்கு உன்னைச் சந்தோஷப்படுத்துகிறேன் என்று அவன் ஒரு காரியம் செய்தான். நாம் படகைக் கழுவுகிற மாதிரியே, ஏரியின் உப்புத் தண்ணீரை வாளி வாளியாக மொண்டு மூன்று கார்களையும் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டான். உள்ளே உனக்கு வாளிச் சத்தம் கேட்டது. அந்தத் திசையில் கிணறு இல்லை, ஏரிதான் என்று உனக்குத் தெரியும். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். உப்பு, தகரத்தின் இண்டு இடுக்கில் எல்லாம் புகுந்து தின்றது. கொஞ்ச நாளில் கிழங்காவின் தரை உதிர்ந்து ரோடு தெரிந்தது. அதற்குப் பிறகு சேகர் அந்த வண்டிகள் பக்கமே போகவில்லை.

நீ போய்ச் சேர்ந்து, உன் காரியம் முடிந்த மறுநாளே, சித்திரை வெயிலில், பழைய இரும்பு எடுக்கிறவனைக் கூட்டிக்கொண்டு வந்தான். நான் போய் மடவையில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். கார் உள்ளே இட்லிப் பானை மாதிரி இருந்தது.

"அத்தை, எறங்கு. இது காரு இல்ல, துரு."

"துருவோட சேத்து என்னையும் எட போடச் சொல்லு."

எடை போட வந்தவன் என்னைப் பார்த்தான், சேகரைப் பார்த்தான், பீடி பற்றவைத்துக்கொண்டு ஓரமாகப் போய்விட்டான். ஊர் கூடியது. எல்லம்மா வந்து பின் சீட்டில் ஏறிக்கொண்டாள். மேரி தண்ணீர்ச் சொம்போடு வந்து ஏறினாள். சேகருக்கு முகம் சிவந்துவிட்டது.

"ஓடாத வண்டியை வச்சிக்கினு இன்னா பண்ணப் போறீங்க?"

"ஓடினா?" என்றேன்.

"புரட்டாசி முடிஞ்சி வர்ற மொதல் ஞாயித்துக்கெழம, மூணும் ஒண்ணா, கூடையோட பொன்னேரி போய் வரட்டும். அப்புறம் நான் வாயே தொறக்க மாட்டேன். ஒண்ணு நின்னாலும் மூணும் இரும்புக்குப் போவும்."

ஊர் முன்னால் சொன்ன வார்த்தை. எங்களுக்கு அது போதும்.

போட் எஞ்சின் பார்க்கும் காதர் பாய் மூன்றையும் பிரித்துப் போட்டார். கூலி பேசவில்லை, நண்டு வந்தால் போதும் என்றார். அவர் வீட்டுக்கு அந்த ஆறு மாசமும் வேறு குழம்பு இல்லை. கிழங்காவின் தரைக்குத் தகரம் வெட்டி ஒட்டினால் மறுபடி உப்புத் தின்னும் என்று, ஓட்டைப் படகுக்கு ஒட்டுகிற பைபரையே ஒட்டச் சொன்னேன். இப்போது அந்தக் கார் ஏரியில் விட்டாலும் மிதக்கும் போலிருக்கிறது. சாமான் தேடி நானும் மேரியும் புதுப்பேட்டைக்குப் போனோம். கடைக்காரன் என் கையில் இருந்த கார்புரேட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"பாட்டி, இந்தக் காரெல்லாம் இப்ப சினிமா ஷூட்டிங்குக்குத்தான் வாடகைக்கு விடறாங்க."

"எங்க காரு நடிக்காதுப்பா. வேலைக்குப் போவும். சாமான எடு."

எப்.சி. எடுக்கப் போன இடத்தில் ஆபீசர் ஜன்னலுக்குள் தலையை விட்டார், விட்ட வேகத்தில் எடுத்தார். "என்னம்மா, மீன் மார்க்கெட்டா இது?" என்றார். "மார்க்கெட்டுக்குப் போற வண்டி சார்," என்றேன். பிரேக்கை அழுத்திப் பார்த்தார், விளக்கைப் போட்டுப் பார்த்தார், கையெழுத்துப் போட்டார்.

போன ஞாயிறுதான் அந்த ஞாயிறு. புரட்டாசி முழுவதும் வாயைக் கட்டியிருந்த ஜனம் மீனுக்குக் காத்திருக்கும் நாள். மேரி முதல் பூசைக்குப் போய்விட்டு ஓடி வந்து கொடுவாவில் உட்கார்ந்தாள். எல்லம்மா கிழங்காவில். மடவையைக் காதர் பாய் ஓட்டுவதாகப் பேச்சு. கூடைகளை ஏற்றி, ஐஸ் போட்டு மூடி, சிப்பி குலுக்கப் போகும்போது பாய்க்குப் போன் வந்தது. முகத்துவாரத்துக்கு வெளியே ஒரு போட்டில் எஞ்சின் நின்று, ஆட்கள் அலையில் மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். பாய் சாவியை என் கையில் வைத்துவிட்டு ஓடினார். போகத்தான் வேண்டும். கடலில் ஆள் இருக்கும்போது கார் பெரிதில்லை. அவர்கள் மத்தியானம் நல்லபடியாகக் கரை சேர்ந்தார்கள்.

ஆனால் மடவைக்கு ஓட்ட ஆள் இல்லை. கூடைக்கு அடியில் ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. சேகர் சுவரில் சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவன் ஒன்றும் செய்யவேண்டாம். அப்படியே நின்றாலே ஜெயித்துவிடுவான்.

நான் ஸ்டீரிங் பக்கத்துக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். நீ உட்கார்ந்த இடம் குழிந்திருந்தது. அந்தக் குழியில் உட்கார்ந்து, நீ செய்வதைப் பார்த்துப் பார்த்து மனசில் வைத்திருந்தபடி சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரை இழுத்தேன். கியர் விழுந்திருந்ததை நான் பார்க்கவில்லை. மடவை ஒரு துள்ளுத் துள்ளியது. அப்புறம் உறுமிக்கொண்டு ஏரியைப் பார்த்து நடக்க ஆரம்பித்தது. சிப்பிக்குக் காத்திராமல் பின்னால் ஏறியிருந்தவர்கள் மாதாவையும் கங்கையம்மனையும் ஒன்றாகக் கூப்பிட்டார்கள்.

சேகர் ஓடி வந்தான். ஜன்னலைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடினான்.

"அத்தை, பிரேக்க மிதி. உப்புத் தண்ணில எறக்காத அத்தை. அம்மா வண்டி அத்தை."

கையை உள்ளே விட்டுச் சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தான். கார் தண்ணீருக்குக் கொஞ்சம் முன்னால் நின்றது. அவன் குனிந்து, முன் சக்கரத்தில் ஈரம் பட்டிருக்கிறதா என்று தடவிப் பார்த்தான். துறைமுகத்துச் சட்டையின் கையாலேயே துடைத்தான். நான் பார்க்காத மாதிரி ஏரியைப் பார்த்தேன். உன்னிடம் கற்றதுதான் அது.

"நவுந்து உக்காரு. நானே ஓட்டறேன்," என்றான்.

"சிப்பி குலுக்கல இன்னும்," என்றாள் எல்லம்மா தன் காரிலிருந்து.

சட்டியைக் குலுக்கினோம். எல்லாரும் எடுத்து முடிக்கும் வரை சேகர் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு?"

"காருல ஆம்பளைக்குப் பாடு கெடையாதுடா," என்றேன். "ஓட்டலாம்."

இந்தத் தடவை சிரித்தவர்களில் நானும் இருந்தேன்.

முன் சீட்டு எனக்கு விழுந்தது. மடவை முன்னால், கிழங்கா நடுவில், கொடுவா கடைசியில் என்று மூன்றும் ஒன்றாகப் பொன்னேரி போய் வந்தன. சேகர் ஜன்னல் கண்ணாடியை இறக்கியே வைத்திருந்தான். நாற்றத்துக்காக இருக்கலாம், ஊர் பார்க்கட்டும் என்பதற்காகவும் இருக்கலாம். நான் கேட்கவில்லை. அவன் இரும்புக்காரனைக் கூட்டி வந்ததை நான் மன்னித்துவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே. வண்டி ஓட்டினான் என்ற பேர் அவனுக்கு உண்டு, அவ்வளவுதான்.

அந்த ஸ்டாப்பில் புளியமரம் இப்போது இல்லை. ரோடு அகலம் செய்தபோது வெட்டிவிட்டார்கள். ஆனாலும் இடம் எனக்குத் தெரியும். அங்கே ஒரு பஸ் நின்று ஆளை இறக்கிக்கொண்டிருந்தது. வாசலில் ஒரு கண்டக்டர் நின்றிருந்தான். சின்னப் பையன், நேரான மூக்கு. பாவம், அவன் என்ன செய்தான். நாங்கள் அந்த பஸ்ஸைத் தாண்டும்போது சேகர் என் காலைப் பார்த்தான். என் வலது கால் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது.

"பயப்படாத அத்தை. பிரேக்கு என்கிட்ட கீது."

"பயமா? நான் மிதிக்கிறது பிரேக்கு இல்லடா," என்றேன்.

நீ சொன்னது சரிதான் அண்ணி. கோபம் எனக்குக் காலில்தான் இருக்கிறது. அது இருக்கிற வரைக்கும் மடவை நிற்காது.